ரா அம்பர், பர்ன்ட் அம்பர்: நிறம் மட்டும்தான் வித்தியாசமா?

கேள்வி:
ஆயில் பெயிண்டிங் தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. ரா அம்பர் என்ற பழுப்பு மண் நிறத்தைப் பூசினால் மறுநாளே காய்ந்துவிடுகிறது, பக்கத்தில் இருக்கும் கறுப்போ நான்கு நாளானாலும் விரலில் ஒட்டுகிறது. ஏன்? அப்புறம், பர்ன்ட் என்றால் நிஜமாகவே சுட்ட மண்ணா?

பதில் 1:
ஆமாம், அதே மண்ணைச் சுட்டதுதான். அம்பரில் இரும்பு ஆக்சைடோடு மாங்கனீசும் இருக்கிறது, அதுதான் பெயிண்டிலுள்ள ஆளிவிதை எண்ணெயைச் சீக்கிரம் உலர வைக்கிறது. அடிப்பூச்சுக்கு நான் வேறு எதையும் தொடுவதில்லை. சைப்ரஸ் தீவு அம்பருக்கு ரொம்ப நாளாகவே நல்ல பெயர்.

பதில் 2:
மஞ்சள் காவிப் பொடியைப் பழைய இரும்புக் கரண்டியில் போட்டுச் சூடாக்கிப் பாருங்கள். ஓரத்திலிருந்து மெல்ல மெல்லச் செங்கல் நிறம் ஏறும், ஏனென்றால் கோதைட் என்ற கனிமத்திலுள்ள நீர் போய் அது ஹெமடைட் ஆகிவிடுகிறது. இத்தாலியின் சியென்னா மண், பர்ன்ட் சியென்னா ஆவதும் இப்படித்தான். அம்பரை மட்டும் வீட்டில் சுடவேண்டாம், மாங்கனீசு தூசி நுரையீரலுக்கு ஆகாது. எந்தப் பொடியானாலும் மாஸ்க் கட்டாயம்.

பதில் 3:
ட்யூபின் பின்பக்கம் உள்ள நிறமிக் குறியீட்டைப் பாருங்கள். பிபிஆர் 7 என்றால் பொதுவாக மண் நிறமி, பிஆர் 101 என்றால் பெரும்பாலும் செயற்கை இரும்பு ஆக்சைடு.

கேள்வி கேட்டவர்:
இப்போதுதான் பார்த்தேன், என் பர்ன்ட் சியென்னா பிஆர் 101! நன்றி.