எம்3 அரியர், மைக்ரோ வைத்தவர்கள் பாஸ். இப்போது என்ன செய்வது?

மெக்_இரண்டாம்வருடம்:
நேற்று ரிசல்ட். அண்ணா பல்கலைக்கழகத்தில் இணைந்த ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல், மூன்றாம் செமஸ்டர். எல்லாம் கிளியர், எம்3 (மூன்றாவது கணிதப் பேப்பர்) மட்டும் போச்சு, அரியர் விழுந்துவிட்டது. ஃபூரியர் சீரிஸும் இசட் டிரான்ஸ்ஃபார்மும் நன்றாகவே எழுதியிருந்தேன். ஹீட் ஈக்வேஷன் பாதியில் நிற்கும்போது பெல் அடித்துவிட்டது.

ஃபெயில் ஆனதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். என் ரூம்மேட்டும் அவன் தோஸ்தும் முந்தின நாள் சாயங்காலமே ஜெராக்ஸ் கடையில் மைக்ரோ (காப்பி அடிக்கப் பொடி எழுத்தில் சுருக்கிய பிட்) போட்டு, முழுக்கைச் சட்டை மடிப்பில் சொருகிக்கொண்டு போனார்கள். இரண்டு பேரும் பாஸ். காலையில் என்னிடமே வந்து "மச்சி, டீ வாங்கித் தா" என்கிறான்! அப்பா லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதுகிறார், எஜுகேஷன் லோனில் படிக்கிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. எச்ஓடியிடம் (துறைத் தலைவர்) போய் அவர்களைப் போட்டுக்கொடுத்துவிடலாமா என்று ஆத்திரமாக வருகிறது.

பழைய_அரியர்காரன்:
தம்பி, ஆத்திரத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு முதலில் உங்கள் விடைத்தாளின் ஃபோட்டோகாபிக்கு அப்ளை பண்ணுங்கள். கடைசி நாள் சீக்கிரம் வந்துவிடும். அது வாங்காமல் ரீவேல்யுவேஷன் (மறுமதிப்பீடு) போட முடியாது. நான் படித்தபோது ஃபோட்டோகாபிக்கு 300, ரீவேல்யுவேஷனுக்கு 400 ரூபாய். விடைத்தாள் கையில் வந்ததும் மேத்ஸ் சாரிடம் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். பாஸாக எழுத்துத் தேர்வில் நூற்றுக்கு 45, இன்டர்னல் சேர்த்து 50 வேண்டும். நீங்கள் நாற்பதுக்கு மேலே நின்றிருந்தால் பணம் கட்டலாம். இருபதுகளில் நின்றால் வீண்.

ஹால்_சூப்பர்வைசர்:
நான் தனியார் கல்லூரி ஆசிரியர். ஹாலில் பிடித்தால்தான் கேஸ். பிட்டையும் விடைத்தாளையும் கைப்பற்றி, மாணவரிடம் எழுதி வாங்குவோம். ரிசல்ட் வந்த பிறகு வாய்வார்த்தையை வைத்து எச்ஓடி எதுவும் செய்ய முடியாது, ஹாஸ்டலில் உன் பெயர்தான் கெடும். ஆனால் அந்த ஜெராக்ஸ் கடையைப் பற்றி உன் பெயர் போடாமல் பிரின்சிபலுக்கு ஒரு கடிதம் எழுது. அடுத்த தேர்வில் சோதனை இறுகும்.

அரியரை ஏப்ரல்/மே தேர்வோடு எழுதலாம். எம்3-ல் யூனிட்டுக்கு ஒரு 16 மார்க், இரண்டு 2 மார்க். உனக்கு இரண்டு யூனிட் ஏற்கெனவே வருகிறது. ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்மையும் கெட்டியாகப் பிடித்தால் மூன்று யூனிட்டுக்கு 60 மார்க். ஹீட் ஈக்வேஷனை அப்புறம் பார்.

கசப்பு_காப்பி:
காப்பி அடித்தவன் ஒருநாள் மாட்டுவான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என் பேட்ச்சில் மைக்ரோவிலேயே டிகிரி முடித்தவன் நல்ல சம்பளத்தில் சௌக்கியமாக இருக்கிறான். அவன் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தால் நம் கணக்கு நிற்காது. பிளேஸ்மென்டுக்கு வரும் கம்பெனிகள் பெரும்பாலும் ஸ்டாண்டிங் அரியர் (இன்னும் கிளியர் ஆகாதது) இருக்கக் கூடாது என்பார்கள், சில கம்பெனிகள் ஹிஸ்டரியும் (முன்பு அரியர் இருந்ததா என்று) கேட்கும். அதனால் அடுத்த முறையே முடித்துவிடுங்கள். வீட்டுக்கு இன்றே போன் போடுங்கள். பல கல்லூரிகளில் மார்க்கை அப்பா நம்பருக்கே எஸ்எம்எஸ் அனுப்பிவிடுவார்கள், அதில் தெரிந்தால் இன்னும் மோசம்.

மெக்_இரண்டாம்வருடம்:
போன் பண்ணிவிட்டேன். கொஞ்சம் திட்டினார், அப்புறம் ஃபோட்டோகாபி பணத்தை ஜிபே பண்ணிவிட்டார். காபி வந்துவிட்டது, அதில் 41, அதனால் ரீவேல்யுவேஷன் போட்டுப் பார்க்கிறேன். கடிதம் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை. ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்முக்குத் தமிழில் நல்ல வீடியோ யாராவது சொல்லுங்கள். அதில் வரும் பார்செவல் ஐடென்டிட்டி கணக்குகள் சுத்தமாக ஓடவில்லை.