கொழந்தைக்கு வயித்தால போனப்ப உங்க வீட்டுல என்ன நடந்துச்சு?

காங்கேயம் பக்கம், 9 மாசப் பையனோட அம்மா:

போன வாரம் எங்க ஊர்ல மாரியம்மன் நோம்பி. வீடு நெறைய ஒறம்பரை. பையன் ஆளாளுக்குக் கை மாறிட்டே இருந்தான். நோம்பி முடிஞ்ச மறுநாள் காலையில குடிச்ச பாலையெல்லாம் கக்கிட்டான். மத்தியானத்துக்குள்ள 5 தடவ போயிருச்சு. வெறும் மஞ்சத் தண்ணி. துணியில நிக்காம வழிஞ்சு என் மடியெல்லாம் நனைஞ்சுது.

மாமியார் "பல்லு மொளைக்குது, அதான்"னாங்க. பக்கத்து வீட்டு ஆத்தா "தொக்கம் விழுந்திருக்கும், எடுத்துட்டு வந்துரு கண்ணு"ன்னாங்க. தின்னது உள்ள சிக்கிக்கறதைத்தான் தொக்கம்பாங்க, அதை ஊதி எடுக்கறவங்க இருக்காங்க. எங்க அத்தை "பாலை நிறுத்து, குடுக்கக் குடுக்கத்தான் போகுது"ன்னாங்க. மூணு பேருமே அவன் மேல உசிரை வெச்சிருக்கறவங்க. அவங்க பேச்சைக் கேட்டு அரை நாள் பாலை நிறுத்திட்டேன். அதை நெனச்சா இப்பவும் நெஞ்சு பதறுதுங்க.

சாயந்தரம் உச்சியில எண்ணெய் வெக்கக் கை வெச்சேன். எப்பவும் விரலுக்கடியில மெத்துன்னு துடிக்கற உச்சிக்குழி, கிண்ணமாட்டம் உள்ள எறங்கியிருந்துச்சு. அழுதான், கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரல. காலையில 9 மணிக்கு ஒண்ணுக்குப் போனதுதான், மணி அப்ப 5. பேதியோட கலந்து போயிருப்பான்னு நானே முடிவு பண்ணியிருந்தேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்துல டாக்டரம்மா மொதல்ல கேட்டது எத்தன தடவ போச்சுன்னு இல்ல. "குடுத்தாக் குடிக்கறானா?"ன்னு கேட்டாங்க. சங்குல ஓஆர்எஸ், அதாங்க உப்பும் குளுக்கோசும் கலந்த தண்ணி, ஊத்திக் குடுத்ததும் முனைய விடாமப் புடிச்சுட்டு மடக்கு மடக்குன்னு குடிச்சான். எனக்கு உசுரு வந்தாப்பல இருந்துச்சு. "இத்தன தாகமாக் குடிக்கறதே உடம்புல தண்ணி வத்திப்போனதோட அடையாளந்தாம்மா"ன்னு சொல்லிட்டு, தொப்புளுக்குப் பக்கத்துல தோலை மெதுவாக் கிள்ளி விட்டாங்க. சட்டுன்னு சமமாக வேண்டிய மடிப்பு, நின்னு நிதானமா எறங்குச்சு. அதை என்னையும் பார்க்கச் சொன்னாங்க.

8 கிலோ இருக்கான். கிலோவுக்கு 75 மில்லின்னு 600 மில்லியை 4 மணி நேரத்துல குடுக்கணும்னாங்க. சலைன் ஏத்தல. அங்கயே ஒரு பெஞ்சுல உக்காந்து கரண்டி கரண்டியா ஊத்துனேன், நடுநடுவுல தாய்ப்பாலும் குடுத்தேன். ரெண்டு தடவ வாந்தி எடுத்தான். 10 நிமிசம் விட்டுட்டு, முன்னைய விட மெதுவாக் குடுக்கச் சொன்னாங்க. ராத்திரி 9 மணி வாக்குல என் மடி வெதுவெதுப்பா நனைஞ்சுது. ஒண்ணுக்குப் போயிட்டான். பக்கத்துல இருந்த நர்சம்மா கையப் புடிச்சுட்டு அழுதுட்டேன்.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்க. என்னைப் போல அரை நாள் தாமதிக்கற அம்மாவுக்கு உதவும்.

திருப்பூர், ஒரு அப்பா:

நாங்க ரெண்டு பேரும் பனியன் கம்பெனி. பாப்பாவுக்கு அப்ப 7 மாசம், பகல்ல எங்கம்மாகிட்ட இருப்பா. வயித்தால போகுதுன்னதும் வர்ற வழியில கடையில கேட்டேன். டப்பாவுல அடைச்ச பழ வாசனைத் தண்ணி ஒண்ணைக் குடுத்தாங்க, மேல ஓஆர்எஸ்னு பெருசாப் போட்டிருந்துச்சு. இனிப்பா இருக்கவும் பாப்பாவும் ஆசையாக் குடிச்சா. ராத்திரியில பேதி ரெண்டு மடங்காயிருச்சு.

கொழந்தை டாக்டர் அந்த டப்பாவ வாங்கி, பின்னாடி இருந்த சர்க்கரை அளவைக் காட்டுனாரு. சர்க்கரை அதிகமானா அது குடலுக்குள்ள தண்ணிய இழுத்துக்குமாம், பேதி இன்னும் கூடுமாம். உலக சுகாதார நிறுவனம் சொல்ற பொடியில ஒரு லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், அதோட பொட்டாசியமும் சிட்ரேட்டும் இருக்கணும்னாரு. 2025 அக்டோபர்ல உணவுப் பாதுகாப்பு ஆணையம் இந்த மாதிரி பானங்கள் மேல ஓஆர்எஸ்ங்கற பேரே போடக் கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. அது முன்னமே வந்திருந்தா எங்க பாப்பா அந்த ராத்திரி அப்படித் துடிச்சிருக்க மாட்டா.

இன்னொண்ணு, பால் பாட்டில். கொதிக்கற தண்ணியில போட்டுத்தான் எடுப்போம். அந்த டாக்டர் சொன்னதுக்கப்புறம் ரப்பரைத் தனியாக் கழட்டி, அது உக்கார்ற வளையத்துக்கு அடியில நகத்தால வழிச்சுப் பார்த்தேன். தயிராட்டம் வெள்ளையா, புளிச்ச நாத்தத்தோட வந்துச்சு. அன்னையோட பாட்டிலை விட்டுட்டோம். இப்பச் சங்கும் சின்ன டம்ளருந்தான்.

அந்தியூர் பக்கம், ஆத்தா சொல்லச் சொல்லப் பேத்தி எழுதறேன்:

எங்க காலத்துல வவுத்தால போனா பச்சத்தண்ணி கூடக் குடுக்கக் கூடாதும்பாங்க சாமி. என்ற ரெண்டாவது பொண்ணுக்கு ஒரு வருசந்தான் ஆவுது. நாக்கைத் தொங்கப் போட்டுட்டுச் சொம்பையே பார்த்துட்டுக் கெடந்தா. நானும் குடுக்கல. மூணாம் நாள் வெடியால போயிட்டா. அந்தச் சொம்பு இன்னும் ஊட்ல இருக்குது. ஆரு என்ன சொன்னாலும் கொழந்தைக்குத் தண்ணியும் பாலும் நிறுத்தாதீங்க சாமி.

கோபி பக்கம், ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்:

ஆத்தா சொன்னதைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் எழுத முடியலீங்க. நான் வேலைக்கு வந்த புதுசுல வீடு வீடாப் போய்ச் சண்டை போட்டதே இதுக்குத்தான். 1971ல வங்காளதேச அகதிகள் வந்து தங்குன மேற்கு வங்கத்து போன்காவ் ஊர்ல காலரா பரவி, சலைன் பாட்டில் தீர்ந்து போச்சு. அப்ப திலீப் மஹலனாபிஸ்ங்கற டாக்டர் உப்பும் குளுக்கோசும் கலந்த தண்ணிய டிரம்முல வெச்சு, சொந்தக்காரங்க கையாலயே குடிக்கக் குடுத்தாரு. அந்த முகாமுல சாவு நூத்துக்கு 4 பேருக்கும் கீழ எறங்குச்சு. குடலு பேதியிலயும் உப்பையும் குளுக்கோசையும் சேர்த்துக் குடுத்தா உறிஞ்சிக்கும், அதோட தண்ணியும் உள்ள போகும். ஓஆர்எஸ் பேதிய நிறுத்தற மருந்து இல்ல. போற தண்ணிக்கு ஈடு கட்டறது. "குடுத்தும் நிக்கலயே"ன்னு தூக்கிப் போட்டுட்டுப் போறவங்களுக்கு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

கலக்கறதுலதான் நெறையப் பேர் தப்புப் பண்றாங்க. ஒரு லிட்டர் பாக்கெட்டுன்னா காச்சி ஆற வெச்ச தண்ணி ஒரு லிட்டர்ல மொத்தப் பொடியையும் கொட்டணும். 200 மில்லி பாக்கெட்டும் வருது, அதுக்கு 200 மில்லிதான். பாக்கெட்டுல எழுதியிருக்கறதைப் பார்த்துட்டுக் கலக்குங்க. பொடியக் கிள்ளிக் கிள்ளி டம்ளர்ல போடறதும், பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளர்ல கொட்டறதும் ஆபத்து. உப்பு ஏறுனா கொழந்தைக்கு வலிப்பே வந்துரும். பால்லயோ சூஸ்லயோ கலக்கக் கூடாது. 24 மணி நேரம் ஆனா மீதியக் கொட்டிட்டுப் புதுசாக் கலக்கணும். 2 வயசுக்குள்ள இருக்கற கொழந்தைக்கு ஒவ்வொரு தடவ போனதுக்கப்புறமும் 50லிருந்து 100 மில்லி.

எது பேதின்னு கேட்டு ராத்திரி போன் பண்ணுவாங்க. தாய்ப்பால் மட்டும் குடிக்கற பச்சக் கொழந்தை ஒரு நாளைக்கு 7, 8 தடவ கூடப் போகும். மஞ்சளா, எள்ளுத் தூவுனாப்பல, எளக்கமா இருக்கும். குடிச்சுட்டு எடை ஏறிட்டு இருந்தா அது பேதி இல்ல, அதுக்கு மருந்து குடுத்துறாதீங்க. அந்தக் கொழந்தையோட வழக்கத்தை விடத் தண்ணியாவும் அடிக்கடியும் போனாத்தான் கவலைப்படணும். தாய்ப்பாலோட வேற ஆகாரமும் சாப்பிடற வயசுல, ஒரு நாளைக்கு 3 தடவையோ மேலயோ தண்ணியாட்டம் போனா பேதி.

உடனே தூக்கிட்டு ஓட வேண்டியது எப்பன்னா: 2 மாசத்துக்கு உள்ள இருக்கற கொழந்தைன்னா யோசிக்கவே வேண்டாம், கெளம்பிருங்க. ரத்தம் கலந்து போனா, குடிச்சது ஒண்ணும் வயித்துல தங்காட்டி, கண்ணு குழி விழுந்தா, 6 மணி நேரம் ஒண்ணுக்குப் போகாட்டி, தொவண்டு போய் எழுப்புனாலும் முழிக்காமக் கெடந்தா, பால் குடிக்கற தெம்பு கூட இல்லாட்டி 108ஐக் கூப்பிடுங்க. வண்டி வர்ற வரைக்கும், முழிச்சுக் குடிக்கற கொழந்தைக்கு ஓஆர்எஸ் ஊத்திட்டே இருங்க.

தொக்கம் எடுக்கறவங்ககிட்ட நானும் போய் நின்னு பார்த்திருக்கேன். ஊதறதும் வழிச்சு விடறதுமா ரெண்டு மணி நேரம் போயிரும். அந்த ரெண்டு மணி நேரத்துல கொழந்தை உடம்புல தண்ணி எத்தன கொறையும்னு யோசிங்க. பல்லு மொளைக்கறதால தண்ணியாட்டம் பேதி போகாது. பெரியவங்களுக்கு வாங்கி வெச்ச பேதி நிக்கற மாத்திரையக் கொழந்தைக்குக் குடுக்கவே கூடாது, குடல் ஓட்டமே நின்னு போகலாம். வெறும் தண்ணிப் பேதிக்குப் பெரும்பாலும் ஆன்டிபயாட்டிக் வேண்டியதில்ல.

ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தையும் விட்டுறாதீங்க. கொழந்தைங்களுக்கு வர்ற கடுமையான பேதிக்கு அந்த வைரஸ் ஒரு முக்கியக் காரணம். நம்ம தமிழ்நாட்டுல 2017லிருந்து 6, 10, 14ஆம் வாரத்துல இலவசமாவே குடுக்கறாங்க.

சோமனூர், தறிக்காரர் வீட்டுல இருந்து:

எங்களுக்குக் காரணம் தண்ணிதாங்க. நல்ல தண்ணி என்னைக்கோ ஒரு நாள்தான் வரும், டிரம்முல புடிச்சு வெப்போம். வர்றவங்க எல்லாம் சொம்பைக் கையோட உள்ள விட்டு மோந்துக்குவாங்க. ஒரே மாசத்துல பாப்பாவுக்கு ரெண்டு தடவ பேதி. இப்பக் குழாய் வெச்ச பானை, பாப்பாவுக்குன்னு தனியாக் காச்சி மூடி வெக்கறது, துணி மாத்துனதும் சோப்புப் போட்டுக் கை கழுவறது. இந்த வருசம் ஒரு தடவ கூட வரல.

காங்கேயம் பக்கம், 9 மாசப் பையனோட அம்மா:

நர்சம்மா, ஒரு சந்தேகங்க. டாக்டரம்மா துத்தநாக (ஜிங்க்) மாத்திரை 14 நாளைக்குக் குடுத்தாங்க. பேதி நின்னே போச்சு, இன்னும் குடுக்கணுமா? ஒரு நாள் குடுத்த உடனே வாந்தி எடுத்துட்டான். சாப்பாடு என்ன குடுக்கறது?

கோபி பக்கம், ஓய்வு பெற்ற செவிலியர்:

நின்னாலும் 14 நாளும் குடுங்க கண்ணு. புண்ணான குடல் ஆறும், அடுத்த ரெண்டு மூணு மாசத்துக்குத் திரும்ப வர்ற வாய்ப்பும் கொறையும். 6 மாசத்துக்கு மேல தினம் 20 மில்லிகிராம், 2லிருந்து 6 மாசம் வரைக்கும் அதுல பாதி. ஒரு கரண்டி தாய்ப்பால்லயே கரைச்சுக் குடுத்தா அந்த இரும்பு ருசி தெரியாது. அரை மணி நேரத்துக்குள்ள கக்கிட்டா இன்னொரு தடவ குடுக்கலாம். அரிசிம்பருப்பைக் கொழையக் கடைஞ்சு கொஞ்சம் எண்ணெய் விட்டுக் குடுங்க, மசிச்ச வாழப்பழம், தயிர் சோறு எல்லாம் ஆகும். ரெண்டு வாரத்துக்குத் தினம் ஒரு வேளை கூடுதலாக் குடுங்க, எறங்குன எடை ஏறட்டும். தொடை இடுக்குல சிவந்திருந்தா தண்ணியில கழுவி, ஒத்தி எடுத்துட்டுத் தேங்காண்ணெய் தடவுங்க.

காங்கேயம் பக்கம், 9 மாசப் பையனோட அம்மா:

சரிங்கம்மா. அடுப்புக்கு மேல மாட்டியிருக்கற காலண்டர்ல 14 நாளைக்கும் வட்டம் போட்டு வெச்சிருக்கேன். இன்னையோட 6 முடிஞ்சுது.