தட்டில் தண்ணி வேணும்: பீடோங்கில் 48 நாள் சைவம்

சின்னவள் டெங்கியில் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பங்குனி உத்திரத்துக்குப் பால்காவடி எடுப்பதாக என் வீட்டுக்காரர் வேண்டிக்கொண்டார். பிள்ளை நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தாள். காவடிக்கு ஒரு மண்டலம், 48 நாள் விரதம். அவர் மட்டும் சைவம் இருந்தால் போதும் என்றுதான் முதலில் பேச்சு. அத்தைதான் (என் மாமியார்) ஒத்துக்கொள்ளவில்லை. "புள்ளைக்காக நேர்ந்துக்கிட்டது. ஒரே அடுப்புல ஒருத்தருக்குச் சாம்பாரு, இன்னொருத்தருக்கு மீனு பொரிச்சா நல்லாவா இருக்கும்?" என்றார். அதோடு வீடே சைவமாகிவிட்டது. பெரியவனுக்கு வயது ஆறு, சின்னவளுக்கு மூன்று.

சைவம் சமைப்பது எனக்குப் புதிதில்லை. வெள்ளிக்கிழமையும் புரட்டாசிச் சனியும் எப்போதும் உண்டு. ஆனால் பொரித்த கெம்போங் (கானாங்கெளுத்தி வகை) மீனும் முட்டையும் இருந்தால்தான் சோற்றில் கைவைக்கும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒன்றரை மாதம், அதுவும் இந்த வெயிலில்! அனுபவப்பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் யாருக்காவது உதவும்.

பீடோங் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கைப்பட்டாணிக்கும் குரூணுக்கும் நடுவில், ஜெராய் மலை அடிவாரத்தில் இருக்கிற தோட்டத்து ஊர் இது. அந்தக் காலத்தில் சுற்றிலும் கித்தா (ரப்பர்) மரம், இப்போது கண்ணுக்கெட்டியவரை செம்பனை (எண்ணெய்ப் பனை). தை, மாசி, பங்குனி மூன்று மாதமும் கெடா, பெர்லிஸ் பக்கம் மழை குறைவு. 1,217 மீட்டர் உயரமுள்ள மலையே பகலில் புழுதியும் புகையுமாகக் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். 35 டிகிரியைத் தொட்டு மூன்று நாள் தொடர்ந்தால் வானிலைத் துறை முதல் நிலை எச்சரிக்கை கொடுக்கும், 37ஐத் தாண்டி நீடித்தால் இரண்டாம் நிலை. பெர்லிஸ் சுப்பிங்கில் 1998 ஏப்ரலில் 40.1 டிகிரி வரை ஏறியதாகப் பதிவு இருக்கிறது. நாங்கள் விரதம் இருந்த சமயம் வீட்டுக்காரரின் கைப்பேசிக்கு முதல் நிலை எச்சரிக்கை அடிக்கடி வந்துகொண்டிருந்தது. குழாயிலும் மத்தியானத்தில் தண்ணீர் நூல் மாதிரிதான் வரும்.

முதல் வாரம் நான் செய்தது தப்பு. பிள்ளைகள் மீனைத் தேடி அழக்கூடாதே என்று பேரங்காடியில் உறைய வைத்த சைவ நகெட், சைவக் கோழி, சைவ மீன் எல்லாம் அள்ளிக்கொண்டு வந்தேன். காலையில் ரொட்டியும் மைலோவும். மத்தியானம் சோறு, பொரித்த நகெட், கிச்சாப். ராத்திரி மீ கோரேங் (பிரட்டிய நூடுல்ஸ்). பெரியவன் சந்தோஷமாகச் சாப்பிட்டான். சின்னவளும் சத்தமில்லாமல் சாப்பிட்டதால் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

ஒன்பதாம் நாள் அவள் பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் இல்லை, உதடு மட்டும் காய்ந்து வெடித்திருந்தது. மூன்று நாளாக வெளிக்குப் போகவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. டெங்கி திரும்பிவிட்டதோ என்ற பயத்தில் கிளினிக்குக்கு ஓடினேன். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "காலையிலிருந்து எத்தனை தடவை ஒன்றுக்குப் போனாள்? என்ன நிறம்?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மூன்று வயதுப் பிள்ளை எத்தனை தடவை சிறுநீர் கழித்தாள் என்று பெற்றவளுக்குத் தெரியவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த நிமிடம் இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை. நோய் ஒன்றுமில்லை, உடம்பில் தண்ணீர் போதவில்லை, சாப்பாட்டில் உப்பும் எண்ணெயும் அதிகம், காய்கறி குறைவு என்றார் டாக்டர். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைக்கச் சொன்னார். சாப்பாட்டோடு தேத்தண்ணி கொடுக்கவே கூடாது, கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது என்றும் சொன்னார். எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு ரொட்டியைத் தேத்தண்ணியில் தொட்டுக் கொடுப்பது சர்வசாதாரணம். அதனால்தான் இதைக் குறிப்பாக எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை சின்னவளின் தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "ஏம்மா, ஒரு வாரமாப் பாக்குறேன். புள்ளை தட்டுல தண்ணியே இல்லையே. சோறும் காஞ்சது, தொட்டுக்கிறதும் காஞ்சது. வெயில் காலத்துல அது எப்படி உள்ள எறங்கும்?"

அத்தை பிறந்து வளர்ந்தது இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு கித்தாத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்). மாசி, பங்குனியில் கித்தா மரம் இலை உதிர்க்கும். இலை இல்லாத மரத்தில் பால் குறைந்துவிடும், பால் குறைந்தால் சம்பளமும் குறையும். கடையில் மீன் வாங்கக் கையில் காசு இருக்காது. விரதம் இல்லாமலே அந்த இரண்டு மாதம் லயத்தில் பாதி நாள் சைவம்தான் என்பார். விடியுமுன் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகும்போது அவர் அம்மா பழைய சோற்றை நீரோடு கரைத்துக் குடித்துவிட்டு, தூக்குச்சட்டியிலும் எடுத்துக்கொண்டு போவாராம். பிள்ளைகளுக்கு ஆயாக்கொட்டகையில் (தோட்டத்துப் பிள்ளை காப்பகத்தில்) கஞ்சி. சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் போட்டிருக்கும் பந்தலில் பீர்க்கங்காயோ சுரைக்காயோ எது தொங்குகிறதோ அது, கூட ஒரு ரசம். "எங்களுக்குச் சத்துன்னெல்லாம் தெரியாது. வெயிலுக்குத் தண்ணிச் சாப்பாடு, மழைக்குக் காஞ்ச சாப்பாடு. அவ்வளவுதான்" என்றார்.

அன்றிலிருந்து அடுப்பு அத்தை கைக்குப் போனது. நான் எடுபிடி.

இரவே வெள்ளைப் பூசணியைச் சின்னச் சின்னதாக நறுக்கி, பாசிப்பருப்போடு குழைய வேகவைத்து, தேங்காயும் சீரகமும் அரைத்து ஊற்றிக் கூட்டு வைத்தார். மறுநாள் சுரைக்காய். மலாயில் அதற்கு லாபு ஆயர் என்றே பெயர், ஆயர் என்றால் தண்ணீர். பீர்க்கங்காய், வெள்ளரி, தக்காளி என்று எதை எடுத்தாலும் தண்ணீர் உள்ள காய். மிளகைக் குறைத்து, பூண்டைத் தட்டிப்போட்டு ரசம். சோற்றைக் கரண்டியால் மசித்து, துளி நெய் விட்டு, அது மிதக்கிற அளவுக்கு ரசம் ஊற்றுவார். சின்னவள் சாப்பிடவில்லை, குடித்தாள் என்றுதான் சொல்லவேண்டும். பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் உப்புப் போட்ட நீர்மோர் ஒரு குவளை. பெரியவனுக்கு அதில் ஒரு கறிவேப்பிலை மிதக்கவேண்டும், இல்லாவிட்டால் "இது மோர் இல்ல, பால்" என்று திருப்பிவிடுவான்.

பழைய சோற்றில் மட்டும் அத்தைக்கும் எனக்கும் சின்ன இழுபறி. மண்சட்டியில் நீர் ஊற்றி ராத்திரி முழுவதும் வைத்து, விடிந்ததும் சாப்பிட்டு முடிக்கவேண்டும், மத்தியானத்துக்கு வைக்கவே கூடாது என்பது அவர் கணக்கு. பெரியவர்களுக்கு அது சரி. ஆனால் இந்தச் சூட்டில் சோறு சீக்கிரம் கெட்டுவிடும், மூன்று வயதுப் பிள்ளைக்கு வேண்டாம் என்று நான் பிடிவாதமாக நின்றேன். அவளுக்கு அன்றன்று வடித்த சோற்றை ஆறவைத்து மோர் ஊற்றிப் பிசைந்தோம். அத்தை முகத்தைக் கொஞ்சம் தூக்கினாலும் ஒத்துக்கொண்டார்.

முருங்கைக் கீரையை இரண்டு பிள்ளைகளும் தொடமாட்டார்கள். அத்தை ஒரு காரியம் செய்தார். சாயங்காலம் காம்போடு ஒடித்து வந்த கீரையை ஈரமில்லாத வேட்டித் துண்டில் இறுக்கிச் சுற்றி, சின்னவளிடம் கொடுத்து, "இது தூங்கணும், பக்கத்துல வச்சுக்க" என்றார். அவள் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தாள். காலையில் முடிச்சை அவிழ்த்து உதறினால் இலையெல்லாம் தானாக உதிர்ந்து துணியில் பச்சையாகக் கிடக்கிறது, காம்பு மட்டும் மொட்டையாக நிற்கிறது. சின்னவள் இரண்டு கையாலும் அள்ளிப் பார்க்கிறாள், மறுபடியும் துணியில் கொட்டுகிறாள், மறுபடியும் அள்ளுகிறாள். "நான் தூங்க வச்சேன், விழுந்துருச்சு" என்று அப்பாவிடம் ஓடினாள். பருப்புப் போட்ட அந்தக் கீரைத் தண்ணியில் கடைசியாக நான் எலுமிச்சை பிழிந்துவிட்டேன், இரும்புச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். கேள்வி கேட்காமல் சாப்பிட்டாள். அவள் கீரையல்லவா!

இனி அக்கம்பக்கம். எதிர்வீட்டுச் சீன ஆண்டி ஒவ்வொரு சீன மாதத்திலும் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம். எங்கள் வீட்டில் மீன் வாசம் வராததைப் பார்த்து அவராகவே விசாரித்தார். வெங்காயம், பூண்டு சாப்பிடுகிறோம் என்றதும் அவருக்கு ஆச்சரியம், அவர்கள் சைவத்தில் அது இரண்டும் கிடையாது. முட்டை சாப்பிடமாட்டோம், பால் தயிர் சாப்பிடுவோம் என்றதும் இன்னும் ஆச்சரியம். மறுவாரம் பார்லியும் ஃபூச்சுக்கும் (காய்ந்த சோயாப்பால் ஏடு) போட்டுக் காய்ச்சிய இனிப்புக் கஞ்சி ஒரு சட்டி கொண்டுவந்தார். அதில் வழக்கமாக முட்டையை உடைத்து ஊற்றுவார்களாம். எங்களுக்காக ஊற்றவில்லை என்று இரண்டு தடவை சொன்னார். குளிரவைத்துக் கொடுத்தேன், பிள்ளைகள் சட்டியை வழித்துவிட்டார்கள்.

நோன்பு மாதமும் அப்போதுதான் வந்தது. பக்கத்து வீட்டு மலாய்க் காக் (அக்கா), பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு தட்டில் ஓன்டே ஓன்டே (வெல்லம் வைத்த உருண்டை) கொண்டுவந்து, வாசலில் நின்றபடியே என்னென்ன போட்டார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்: புலுட் (பசையரிசி) மாவு, பாண்டான் (ரம்பை இலை) சாறு, குலா மெலாக்கா (தென்னை வெல்லம்), தேங்காய்ப்பூ. நாள் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காத மனுஷி, எங்கள் விரதம் கெடக்கூடாது என்று அவ்வளவு கவலைப்பட்டார். தட்டை வெறுமனே கொடுக்கக்கூடாது என்று அத்தை அன்றைக்கே சேமியாப் பாயாசம் காய்ச்சி, அவர்கள் நோன்பு துறக்குமுன் பெரியவனிடம் கொடுத்தனுப்பினார். "காக்குக்கும் விரதம், நமக்கும் விரதம். அவங்களுக்கு ராத்திரி முடிஞ்சிடும், நமக்குத்தான் முடியல" என்றான் திரும்பி வந்து.

அந்தப் பிள்ளைதான் ஒருநாள் அழுதுகொண்டு வந்தான். பாலர் பள்ளியில் யாருக்கோ பிறந்தநாள், நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) கொடுத்திருக்கிறார்கள். நெத்திலியையும் முட்டையையும் அவனே எடுத்து ஓரம் வைத்துவிட்டான். சம்பாலை (மிளகாய்ச் சாந்தை) ருசித்த பிறகுதான், உள்ளேயும் நெத்திலி கிடப்பதைப் பார்த்திருக்கிறான். "அப்பா காவடி கெட்டுப்போச்சா? பாப்பாவுக்கு மறுபடி டெங்கி வருமா?" என்று தேம்பித் தேம்பி அழுகிறான். எனக்கு வாய் வரவில்லை. ஆறு வயதுப் பிள்ளை இவ்வளவு பெரிய பாரத்தை மனதில் தூக்கிக்கொண்டு திரிகிறான் என்று எனக்குத் தெரியவே தெரியாது. அத்தை அவனை இழுத்து மடியில் போட்டு, முகம் கழுவிவிட்டு, திருநீறு பூசினார். "முருகனும் சின்னப் புள்ளையா இருந்தவருதான்டா. புள்ளைங்ககிட்ட அவரு கணக்குப் பாக்கமாட்டாரு. நீ தெரியாமத்தானே சாப்பிட்ட? போயி மோரு குடி" என்றார். அன்று ராத்திரி வீட்டுக்காரரும் அவனைப் பூஜை அறையில் பக்கத்தில் உட்காரவைத்து அதையே சொன்னார். அதற்குப் பிறகுதான் தூங்கினான்.

ஆகவே பிள்ளைகளை வைத்துக்கொண்டு விரதம் இருப்பவர்கள், தெரியாமல் வாயில் பட்டால் பாவமில்லை என்பதை முதல் நாளே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். ஆசிரியரிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், நான் சொல்ல மறந்துவிட்டேன். நம் ஊர்ச் சாப்பாட்டில் ஒளிந்திருப்பது நிறைய. சம்பாலில் பெலாச்சான் (இறால் விழுது), கடைக் கங்கோங் கீரையில் சிப்பிச் சாறு, மீ சூப்பில் நெத்திலித் தண்ணி, மென்று தின்கிற மிட்டாயில் ஜெலட்டின். அகார் அகார் கடற்பாசி, அதைப் பயப்படாமல் கொடுக்கலாம். ரம்பை இலையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அகார் அகார் செய்து குளிரவைத்தால் அதுவும் தண்ணிச் சாப்பாடுதான்.

உத்திரத்தன்று எங்கள் தோட்டத்துக் கோயிலில் விடியுமுன்னே காவடி புறப்பட்டது. வெயிலுக்குமுன் முடிந்துவிட்டதால் சின்னவளும் கடைசிவரை தாத்தா தோளில் உட்கார்ந்து பார்த்தாள். மூன்றாம் நாள் மீன் வாங்கிப் பொரித்தோம். பெரியவன் இரண்டு துண்டு சாப்பிட்டான். சின்னவள் தட்டைப் பார்த்துவிட்டு, "பாட்டி, தண்ணி ஊத்தல" என்றாள். அத்தை எழுந்து போய் ரசம் சூடுபண்ணினார்.

இப்போது எனக்கு ஒரு சந்தேகம். அடுத்த வருடம் பெரியவன் தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் ஆண்டு, காலையில் கட்டிக்கொடுத்தால் பத்து மணிக்குத்தான் சாப்பிடுவான். கூட்டும் மோர்ச்சோறும் அதுவரை இந்தச் சூட்டில் தாங்குமா என்று பயமாக இருக்கிறது. வெந்நீர்க் குடுவை மாதிரி வாய் அகலமான டப்பாவில் சூடாகப் போட்டு அனுப்புகிறவர்கள் யாராவது இருந்தால், எத்தனை மணிக்குக் கட்டுகிறீர்கள், பிள்ளை தானாகத் திறக்கிறதா என்று சொல்லுங்கள்.