ஜோசப் ஹௌ கட்டுரை: ‘ரெஸ்பான்சிபிள் கவர்ன்மென்ட்’ தமிழில்?

> இன்று கனடாவின் மாகாணமாக உள்ள நோவா ஸ்கோஷியாவின் இதழாளர், அரசியல்வாதி ஜோசப் ஹௌ பற்றி எழுதுகிறேன். அவர் பெற்றுத்தந்த ‘ரெஸ்பான்சிபிள் கவர்ன்மென்ட்’ என்ற ஆட்சிமுறையைப் ‘பொறுப்பு அரசு’ எனலாமா?

வணக்கம் ஐயா,

வேண்டாம் என்பேன். பொறுப்பு ஆளுநர், பொறுப்பு தலைமை நீதிபதி என்று செய்தித்தாளில் படித்துப் பழகியவர்கள் அதைத் தற்காலிக அரசு என்றே கொள்வார்கள். ‘பொறுப்புள்ள அரசு’ என்றால் கடமையுணர்வுள்ள அரசு என்றாகிவிடும். ஹௌ கேட்டது நல்ல ஆளுநரை அல்ல.

அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டசபை 1758 முதலே இருந்தது. ஆனால் அது எதிர்த்து வாக்களித்தாலும் ஆளுநருடன் ஆட்சி நடத்திய கவுன்சில் உறுப்பினர்கள் பதவியில் நீடித்தார்கள். தலைநகர் ஹாலிஃபாக்ஸின் நீதிபதிகள் பொதுப்பணத்தைச் சுருட்டுகிறார்கள் என்ற கடிதத்தைத் தம் ‘நோவாஸ்கோஷியன்’ இதழில் வெளியிட்டதற்காக 1835இல் ஹௌமீது அவதூறு வழக்குப் போட்டார்கள். வழக்கறிஞர்கள் கைவிரித்தபின் அவரே ஆறு மணிநேரத்துக்கு மேல் வாதாடினார், ஜூரி விடுவித்தது. இந்தப் பகுதியைத் தயவுசெய்து சுருக்கிவிடாதீர்கள், பத்திரிகைச் சுதந்திர வரலாற்றில் அருமையான இடம் இது. அடுத்த ஆண்டே அவர் சட்டசபைக்குப் போனார். 1839இல் பிரிட்டனின் குடியேற்ற நாட்டு அமைச்சர் ஜான் ரஸ்ஸல் பிரபுவுக்கு நான்கு பகிரங்கக் கடிதங்கள் எழுதினார். சாரம் ஒன்றுதான்: சபையின் நம்பிக்கையை இழந்தவர்கள் விலக வேண்டும். 1848 தொடக்கத்தில் அது நடந்தது; பிப்ரவரி 2 அன்று யூனியாக் தலைமையில் பெரும்பான்மைக் கட்சி ஆட்சியமைத்தது. பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளில் இதுவே முதல்.

ஆகவே யாருக்குப் பொறுப்பு என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். என் பரிந்துரை: அவைப்பொறுப்பாட்சி.

---

அன்புள்ள நண்பருக்கு,

மேலுள்ள கடிதத்தின் விளக்கத்தை முழுதும் ஏற்கிறேன், அது பரிந்துரைத்த சொல்லில் ‘அவை’ என்ற முன்னொட்டை மட்டும் ஏற்க முடியவில்லை. அவை என்றால் மேலவையும் அடங்கும். நோவா ஸ்கோஷியாவில் நியமன மேலவை 1928 வரை இருந்தது. ஆட்சியை நிலைக்கச் செய்யவும் கவிழ்க்கவும் உரிமை பெற்றது தேர்ந்தெடுக்கப்பட்ட சபைதான். தமிழ்நாட்டு வழக்கில் அது பேரவை. எனவே முதல் இடத்தில் ‘பேரவைப் பொறுப்பாட்சி’, பிறகு வருமிடங்களில் நூல்களில் ஏற்கெனவே வழங்கும் ‘பொறுப்பாட்சி’ போதும்.

இன்னொன்று: ஹௌ 1867 கனடாக் கூட்டாட்சியை எதிர்த்தது இதன் தொடர்ச்சியே. வாக்காளர்களைக் கேட்காமல் இணைத்தார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. அவ்வாண்டுக் கனடா நாடாளுமன்றத் தேர்தலில் மாகாணத்தின் 19 இடங்களில் 18 எதிர்ப்பாளர்களுக்கே கிடைத்தன. ஆனால் இணைப்பை ரத்துசெய்ய லண்டன் இணங்கவில்லை. 1869இல் அவர் கனடாப் பிரதமர் மெக்டொனால்டின் அமைச்சரவையில் சேர்ந்ததைத் துரோகம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மாகாணத்துக்குக் கூடுதல் நிதி பெற்ற பின்னரே சேர்ந்தார்.