உதவி தேவை: அப்பா பிரேசிலில் வாங்கிவந்த எறும்பு புல்லட் எறும்புதானா?

உவர்மலை வாசி:
அப்பா சரக்குக் கப்பலில் வேலை செய்தவர். 1987இல் பெலெம் துறைமுகத்தில் இறங்கியபோது ரெசினில், அதாவது கண்ணாடி மாதிரி இறுகிய பிசினில், பதித்த ஒரு பெரிய கறுப்பு எறும்பை வாங்கிவந்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டு அலுமாரியில்தான் இருக்கிறது. அடியில் அவர் கையால் எழுதிய துண்டு: "புல்லட் எறும்பு, ராணி".

மகள் அதைப் பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சிக்குக் கொண்டுபோக ஆசைப்படுகிறாள். வருணம், குடும்பம், சாதி, இனம் என்று அதன் உயிரியல் வகைப்பாடு எல்லாம் எழுதிவரச் சொல்லி டீச்சர் கேட்டிருக்கிறார். புல்லட் எறும்பு 30 மில்லிமீட்டர் வரைதான் வளரும் என்று வாசித்தேன். அடிமட்டம் வைத்துப் பார்த்தால் இது 46 காட்டுகிறது! மேல்பக்கம் கீறல் விழுந்து படமும் தெளிவாக வரவில்லை. கேட்பதற்கு அப்பா இப்போது இல்லை. யாராவது உதவுங்கள்.

பூச்சிப்பிரியன், கிண்ணியா:
அக்கா, 46 மில்லிமீட்டரில் வேலைக்காரி எறும்பு உலகில் எங்கும் இல்லை. ரெசின் மேலே குவிந்திருக்கிறதா? அப்படியென்றால் அது பூதக்கண்ணாடி மாதிரி பெருப்பித்துக் காட்டும். கவிழ்த்துப் போட்டு, தட்டையான அடிப்பக்கத்தால் அளந்து பாருங்கள். கீறலுக்கு ஒரு துளி தேங்காய் எண்ணெய் பூசுங்கள், மறைந்துவிடும். போன் வெளிச்சத்தை மேலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில் பிடியுங்கள்.

அப்புறம் மூன்று இடங்களைப் பாருங்கள். தோளில் கொம்பு மாதிரி இரண்டு புடைப்பு இருக்கிறதா? உணர்கொம்பு மடிந்து படுக்கிற மாதிரி தலையின் பக்கத்தில் பள்ளம் ஓடுகிறதா? தாடைக்கு மேலே முகத்தின் முன்விளிம்பில் இரண்டு பல் நீட்டிக்கொண்டிருக்கிறதா?

உவர்மலை வாசி:
தம்பி, எண்ணெய் பூசியதும் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது! துண்டைக் கவனமாகக் கழற்றி அடிப்பக்கத்தால் அளந்தேன், 31 மில்லிமீட்டர். கொம்பு இல்லை, பள்ளமும் இல்லை. முகத்தில் இரண்டு பல் நன்றாகத் தெரிகிறது, மகள்தான் முதலில் கண்டாள். தோளின் கீழ்மூலையை மட்டும் ஒரு காற்றுக்குமிழி மறைக்கிறது.

பூச்சிப்பிரியன், கிண்ணியா:
அப்போது இது புல்லட் எறும்பு இல்லை அக்கா. கொம்பும் பள்ளமும் புல்லட் எறும்பான பராபொனெரா கிளவாட்டாவின் அடையாளம். உங்களுடையது டைனோபொனெரா என்ற வேறொரு எறும்புச் சாதி. நீளம் மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது, 30க்குப் பக்கத்தில் இரண்டும் முட்டிக்கொள்ளும். அந்த முகப்பல்தான் சாட்சி. அப்பாவைப் பிழை சொல்லவும் முடியாது. பிரேசிலில் இரண்டையுமே தொக்கந்தீரா என்று அழைப்பார்கள், விற்றவர் அப்படித்தான் சொல்லியிருப்பார். பழைய பாகுபாட்டில் இரண்டும் ஒரே உபகுடும்பம், பொனெரினே. 2003இல்தான் புல்லட் எறும்பைப் பிரித்துத் தனி உபகுடும்பத்தில் வைத்தார்கள்.

மூதூர் டீச்சர்:
"ராணி" என்பதையும் மாற்ற வேண்டும் தங்கச்சி. டைனோபொனெராவில் ராணி என்ற தனி வகையே கிடையாது. வேலைக்காரிகளுக்குள் மேலாதிக்கம் பிடித்த ஒருத்தி ஆணோடு கூடி முட்டையிடுவாள். பார்த்தால் மற்றவர்களிலிருந்து வித்தியாசமே தெரியாது. நம்முடைய கட்டெறும்புகளில் ஒன்றான டயகம்மாவிலும் இதே ஏற்பாடுதான். பிள்ளை கண்காட்சியில் இதைச் சொன்னால் எல்லோரும் நின்று கேட்பார்கள்.

நிலாவெளி அலை:
பெலெம் என்றால் இனம் ஜைகாண்டியாதானே? அமேசனின் கீழ்ப்பகுதியில் இருப்பது அதுதான். அப்படியே எழுதிவிடலாம்.

பூச்சிப்பிரியன், கிண்ணியா:
எனக்கும் ஜைகாண்டியா மேல்தான் சந்தேகம். ஆனால் எழுதக் கூடாது அண்ணா. பெலெம் அதை வாங்கிய இடம், பிடித்த இடம் என்று நமக்குத் தெரியாது. கொழும்பில் விற்கிற சங்கு எங்கள் கடலில் எடுத்ததாகவும் இருக்கலாம் அல்லவா? டைனோபொனெராவில் வேறு இனங்களும் இருக்கின்றன: வடகிழக்கு பிரேசிலில் குவாட்ரிசெப்ஸ் உண்டு, அட்லாண்டிக் கரைக் காட்டில் லூசிடா, பராகுவே பக்கம் ஆஸ்திராலிஸ். 2013 ஆய்வில் இரண்டு புதிய இனங்களைச் சேர்த்து மொத்தம் எட்டு ஆக்கினார்கள். இவற்றைப் பிரிக்க, தோளின் கீழ்மூலையில் பல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குமிழி உட்கார்ந்திருப்பது சரியாக அங்கேதான். ரெசினை அறுத்துப் பார்க்க மட்டும் வேண்டாம் அக்கா, எறும்பு உடைந்துவிடும்.

இப்படி எழுதுங்கள்: வருணம் ஹைமெனொப்டெரா, குடும்பம் போர்மிசிடே, உபகுடும்பம் பொனெரினே, சாதி டைனோபொனெரா, இனம் தீர்மானிக்கப்படவில்லை. அருங்காட்சியகங்களிலும் இப்படி எழுதுவது வழக்கம்.

உவர்மலை வாசி:
எல்லோருக்கும் மிகவும் நன்றி. அப்படியே எழுதிவிட்டோம். "தீர்மானிக்கப்படவில்லை" என்பதற்குப் பக்கத்தில் குமிழி இருக்கும் இடத்தை மகள் அம்புக்குறி போட்டு வரைந்திருக்கிறாள். அப்பாவின் துண்டை எறிய மனம் வரவில்லை. புதுத் துண்டுக்குக் கீழே "1987, பெலெம், தாத்தா எழுதியது" என்று குறித்து, அதையும் சேர்த்து ஒட்டிவிட்டோம்.