50 பேருக்கு எலுமிச்சை ஜூஸ்: நேரம் ஆகஆக கசக்குது, ஏன்?

மேலூர்க்காரன்:
வீட்டு விசேஷத்துக்கு 50 பேருக்கு எலுமிச்சம்பழ ஜூஸ் போடணும். காலையில கலந்து வச்சா 11 மணிக்கெல்லாம் கசப்பு தட்டுது. பழத்தை நாலா நறுக்கி மிக்ஸியில அடிச்சு வடிகட்டுறோம். சீனியை நேரா தண்ணியில போட்டுக் கலக்குறோம். எங்க தப்பு? கொஞ்சம் பேருக்கு சோடா, நன்னாரி கலந்தும் கொடுக்கலாம்னு இருக்கோம். அளவோட சொல்லுங்க.

செல்லூர் சமையல்கட்டு:
மிக்ஸிதான் தப்பு தம்பி. விதையும் தோலுக்கடியில இருக்குற வெள்ளையும் அரைபட்டா, அதுல இருக்குற ஒரு பொருள் சாற்றோட புளிப்புல மெல்ல மெல்ல லிமோனின்னு ஒரு கசப்பா மாறும். அதான் அடிச்ச உடனே தெரியாம, போகப்போக ஏறுது. எவ்வளவு சீனி போட்டாலும் அது மறையாது.

பழத்தை வெதுவெதுப்பான தண்ணியில 5 நிமிஷம் போட்டு, தரையில வச்சு உருட்டி, குறுக்க வெட்டிப் பிழிங்க. கடைசிச் சொட்டு வரைக்கும் முறுக்காதீங்க, தோல் எண்ணெய் இறங்கிடும். சாறு விழுந்ததும் வடிகட்டி விதையை எடுத்துடணும்.

தோல் மெலிசான, அழுத்தினா லேசா அமுங்குற மஞ்சப் பழமா எடுத்தா ஒண்ணுக்கு 20, 25 மில்லி சாறு வரும். 200 மில்லி டம்ளருக்கு 20 மில்லி சாறு, 25 கிராம் சீனி. 50 டம்ளருக்கு 1 லிட்டர் சாறு, அதாவது 50 பழம் வாங்கிக்கங்க. சீனி 1¼ கிலோ, அதை 1¼ லிட்டர் தண்ணியில ஒரு கொதி விட்டு ஆற வைங்க. கம்பிப் பதமெல்லாம் வேண்டாம். உப்பு 2 டீஸ்பூன் அந்தப் பாகுலயே போட்டுடுங்க. சாற்றைச் சூடான பாகுல ஊத்தினா வெந்த வாடை வரும். பாகையும் சாற்றையும் தனித்தனியா ஐஸ்ல வச்சு, பரிமாறுறதுக்கு அரை மணி முன்னாடி 7 லிட்டர் தண்ணியில கலங்க. ஐஸையும் அந்த 7 லிட்டருக்குள்ளயே அடக்குங்க, இல்லைன்னா கடைசி டம்ளர் சப்புன்னு இருக்கும்.

அலுமினியம், பித்தளை அண்டா கூடாது, எவர்சில்வர்தான்.

திருமங்கலம் சர்பத்:
அக்கா சொன்னதோட ஒண்ணு. உப்பு 2 டீஸ்பூன் எனக்குக் கொஞ்சம் கூடுதல், 1½ போதும்.

சோடாவுக்கு டம்ளர்ல 20 மில்லி சாறு, 40 மில்லி பாகு ஊத்திக் கலக்கிட்டு, நல்லா சில்லுன்னு இருக்குற சோடாவை டம்ளரைச் சாய்ச்சு ஓரமா விடுங்க. அப்புறம் ஒரே சுத்து, அவ்வளவுதான். சோடா ஊத்தின பிறகு தூள் உப்பு போட்டா குபுகுபுன்னு பொங்கி வழியும், கேஸும் போயிடும். சூடான சோடாவும் அப்படித்தான்.

நன்னாரிக்கு 50 கிராம் வேரைக் கழுவி, இடிச்சு, நடுவுல இருக்குற கட்டையை எடுத்துடுங்க, வாசனை பட்டையிலதான். அரை லிட்டர் கொதிக்கிற தண்ணியை ஊத்தி மூடி, ராத்திரி முழுக்க ஊறவிட்டு வடிகட்டுங்க. தண்ணியை அளந்து பார்த்து, இருக்குற அளவைப் போல ரெண்டு பங்கு எடைக்குச் சீனி போட்டு, கரையுற வரைக்கும் மட்டும் சூடாக்கணும். வேரைப் போட்டு நெடுநேரம் கொதிக்க வச்சா வாசனை ஆவியோட போயிடும். டம்ளருக்கு 30 மில்லி, அரைப் பழம், அப்புறம் தண்ணி. கடையில மாதிரி செவப்பு வராது, பழுப்பாத்தான் இருக்கும்.

வைகைக்கரை:
இஞ்சி சேர்க்கிறதா இருந்தா இஞ்சிச் சாற்றை 10 நிமிஷம் தெளியவிட்டு, அடியில படியுற வெள்ளையை விட்டுட்டு மேலாப்புல எடுங்க. புதினாவை அரைக்க வேண்டாம், கையில கசக்கிப் போட்டு 5 நிமிஷத்துல எடுத்துடுங்க. அரைச்சா கறுத்துக் கசக்கும்.

மேலூர்க்காரன்:
நன்றி அக்கா, அண்ணே. சாற்றை முதல் நாளே பிழிஞ்சு வைக்கலாமா?

செல்லூர் சமையல்கட்டு:
வடிகட்டி, கண்ணாடி பாட்டில்ல கழுத்து வரைக்கும் நிரப்பி மூடி ஃப்ரிட்ஜ்ல வச்சா ஒரு ராத்திரி தாங்கும். மணம் கொஞ்சம் குறையும். பிழிஞ்ச தோலை வீசாதீங்க தம்பி, உப்பு, மஞ்சள்தூள் போட்டு ஜாடியில குலுக்கி வைங்க, ஊறுகாய்க்கு ஆகும்.