புதிய வேலைக்காக இடம்பெயரும்போது வீடு அலுவலகத்துக்கு அருகிலா, தொலைவிலா?

கேள்வி:
முன்பின் தெரியாத நகரமொன்றில் வேலையில் சேரவிருக்கிறேன். அலுவலகத்தை ஒட்டிய வீடுகள் சிறியவை, வாடகையும் அதிகம். ஒன்றேகால் மணி நேரப் பயணத் தொலைவில் விசாலமான வீடு குறைந்த வாடகைக்குக் கிடைக்கிறது. எதைத் தேர்வது நல்லது?

பதில் 1:
பயணத்தின் விலையை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம். புரூனோ ஃப்ரை, அலோயிஸ் ஸ்டட்சர் என்னும் பொருளியலாளர்கள் ஜெர்மனியின் தரவுகளை ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட கட்டுரையில், குறைந்த வாடகையோ கூடுதல் சம்பளமோ நீண்ட பயணத்தின் சலிப்பை ஈடுசெய்துவிடும் என்ற எதிர்பார்ப்புக்கு மாறாக, அதிக நேரம் பயணிப்போரின் வாழ்க்கை நிறைவு குறைவாகவே இருந்ததைக் காட்டினார்கள். உங்களுக்கோ நாளொன்றுக்கு இரண்டரை மணி நேரம்!

பதில் 2:
தகுதிகாண் காலம் முடியும்வரை நீண்ட கால வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள். தற்காலிகமாக ஓர் அறையில் தங்கிக்கொண்டு, பிடித்த பகுதிக்கு வேலைநாளின் காலை நெரிசலிலும் பின்னிரவிலும் ஒருமுறை சென்று பாருங்கள்; விடுமுறை நாள் நண்பகலில் எந்தத் தெருவும் அமைதியாகத்தான் தெரியும்.

பதில் 3:
குழந்தைகள் இருந்தால் பள்ளியை உறுதிசெய்த பிறகே வீடு தேடுங்கள்.

கேட்டவர்:
தனியாகத்தான் செல்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே பணிபுரியலாம் என்று வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள்.

பதில் 1:
அதைப் பணி நியமனக் கடிதத்தில் எழுதி வாங்குங்கள். அதுவரை தொலைவிலுள்ள வீட்டுக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.